சிங்கப்பூர் கிட்டங்கியில் இருந்த பாட்டையாவைப் பழைய பேப்பரில் தேடுவது எப்படி?

கண்டனூர் பேரன்:
எங்கள் பாட்டையா யுத்தத்துக்கு முன்னால் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு கிட்டங்கியில், அதாவது நம் நகரத்தார் வட்டிக்கடைகள் சேர்ந்திருந்த கட்டடத்தில் இருந்தவர். சொந்தக் கடை இல்லை, இன்னொருவர் கடையை முதலாளிக்காக நடத்திய மேலாள். விவரம் சொல்ல வீட்டில் இப்போது யாரும் இல்லை. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பேப்பர்களை ஸ்கேன் செய்து 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' தளத்தில் போட்டிருக்கிறதே, அதில் தேடினேன். அவர் பெயரை ஆங்கிலத்தில் முழுசாக அடித்தால் ஒன்றும் வரவில்லை. வெறும் 'செட்டியார்' என்று அடித்தால் வந்து கொட்டுகிறது. எங்கே ஆரம்பிப்பது?

கோட்டையூர் ஆச்சி:
தம்பி, பெயரை விடுங்கள், விலாசத்தைப் பிடியுங்கள். முகவரி இல்லை, பெயருக்கு முன்னால் வரும் குடும்ப எழுத்துகளைச் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பேப்பரில் நம்மவர்கள் விலாச எழுத்தோடுதான் வருவார்கள். அதுவும் மேலாள் என்றால் முதலாளியின் விலாசம்தான் முன்னால் நிற்கும், உங்கள் பாட்டையா அதற்குக் கீழே ஏஜெண்டாக ஒரு வரியில் இருப்பார். பழைய கடித உறை, சம்பளச் சீட்டு ஏதாவது பெட்டகத்தில் கிடக்கிறதா பாருங்கள்.

விலாசம் கிடைத்தால் அப்படியே ஆங்கிலத்தில் அடித்துவிடாதீர்கள். 'பழ' பி.எல். ஆகும், 'அரு' ஏ.ஆர்., 'ராம' ஆர்.எம். நடுவில் புள்ளி வைத்து, வைக்காமல், இடம் விட்டு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கணினி அந்த மங்கிய அச்சை வாசித்திருக்கும் லட்சணம் அப்படி. பின்னால் 'செட்டியார்' வேண்டாம், 'செட்டி' (Chetty), 'சிட்டி' (Chitty) என்று போடுங்கள். 'சிட்டி' போட்டால் மலாக்கா சிட்டிகளும் சேர்ந்து வருவார்கள், அவர்கள் வேறு சமூகம்.

அப்புறம், செய்திப் பக்கத்தில் என்ன இருக்கப்போகிறது? வடிகட்டியில் 'விளம்பரம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேலாள் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவார், அடுத்தவர் போய் உட்காருவார். பழையவருக்குக் கொடுத்த பவர் ரத்து, இன்னாருக்குப் புதிதாகக் கொடுத்திருக்கிறோம் என்று பேப்பரில் அறிவிப்புப் போடுவார்கள். அடமானம் மூழ்கிய வீடு, தோட்டம் ஏலம் போனாலும் விளம்பரம் வரும். நீங்கள் தேடும் ஆள் அங்கேதான் இருப்பார்.

ஊர்ப் பக்கத்துச் செய்தி வேண்டுமென்றால் ஊழியன், குமரன் மாதிரி காரைக்குடிப் பத்திரிகைகள். எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்ததெல்லாம் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். இங்கேயே இருந்திருக்கலாம், எனக்கு இன்னும் அந்த ஆதங்கம் உண்டு.

புதுவயல் மாப்பிள்ளை:
ஆச்சி சொன்னதோடு ஒன்று. நம் வீடுகளில் தலைப்பேரனுக்கு ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர் பெயர்தான். 1895-ல் வரும் ஒருவரும் 1935-ல் வரும் ஒருவரும் அதே விலாசம், அதே பெயர் என்றால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐயாவும் பேரனுமாக இருக்கலாம். வயதைக் கணக்குப் போட்டு, வருஷ வரம்பு கொடுத்துத் தேடுங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845-லிருந்து வருகிற பேப்பர், வரம்பு இல்லாமல் தேடினால் தலை சுற்றும்.

தமிழ் முரசு 1935-ல் ஆரம்பித்தது. அதில் தமிழில் அடித்துத் தேடுவதை நம்பாதீர்கள். பழைய அச்சில் றா, னை, லை எல்லாம் வேறு வடிவம், கணினி தடுமாறும். தைப்பூசம் மாதிரி நாளைத் தேர்ந்தெடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே மேல். டேங்க் ரோடு கோயில் விசேஷம் என்றால் நம்மவர்கள் பெயர் அடிபடும்.

கண்டனூர் பேரன்:
நன்றி ஆச்சி, அண்ணே. கடித உறை எதுவும் இல்லை. ஆனால் வீட்டின் இரண்டாங்கட்டில் கிடக்கும் வெண்கலப் பானையில் நாலு எழுத்து வெட்டியிருக்கிறது. அதை விலாசமாக எடுத்துக்கொள்ளலாமா?

கோட்டையூர் ஆச்சி:
அவசரப்படாதீர்கள். கல்யாணச் சீராக வந்த பானை என்றால் அது பெண் வீட்டு எழுத்தாக இருக்கும், உங்கள் பாட்டையா வீட்டு எழுத்து இல்லை. அவர் கல்யாணத்து இசைகுடிமானம், அதுதான் கல்யாணப் பத்திரம், இருந்தால் எடுத்து ஒத்துப் பாருங்கள். எப்படியும் முதலாளி விலாசம் பானையில் இராது. பாட்டையாவோடு அந்தக் கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் எந்த ஊர் என்று தெரியுமா? அந்த வீட்டில் கேட்டால் கிடைக்கும்.