42-ஆம் நம்பர் கம்பி: பழைய கிட்டாருக்குப் பாகம் தேடியவர்கள் சொல்லுங்கள்

மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய டெய்ஸ்கோ எலக்ட்ரிக் கிட்டார் இப்போது என்னிடம் இருக்கிறது. கோல்ட் ஃபாயில் (தங்க நிறத் தகடு) மூடியோடு இரண்டு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்புக்கு அனுப்பும் காயில்), வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி இரண்டு ராக்கர் சுவிட்ச். பல வருஷம் பரணில் கிடந்தது. இறக்கி ஆம்ப்பில் சொருகினால் ஒரு பிக்கப்பில் சத்தமே இல்லை. வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று ஒரே இரைச்சல். வேறு வாங்கிக்கொள் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமாவின் விரல் பட்டுப் பட்டு நெக்கில் மூன்றாவது ஃபிரெட் (குறுக்கே பதித்த உலோகப் பட்டை) பள்ளமாகியிருக்கிறது, அதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை.

டெய்ஸ்கோ ஜப்பான் கம்பெனி. 1967-இல் கவாய் என்ற இன்னொரு ஜப்பான் இசைக்கருவிக் கம்பெனி அதை வாங்கிவிட்டது. அந்தக் காலத்துப் பாகம் புதிதாகக் கிடைக்காது. அதனால் இன்னொரு பழைய டெய்ஸ்கோவிலிருந்து கழற்றியதுதான் அசல் பாகம். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் டெய்ஸ்கோவின் கோல்ட் ஃபாயில் பிக்கப்பை மாட்டி வாசித்ததிலிருந்து அதற்கும் விலை ஏறிவிட்டது. அந்தச் சத்தத்துக்கு ஆசைப்பட்டு, நன்றாக இருக்கும் கிட்டாரையே பிரித்து பிக்கப்பை மட்டும் விற்கிறார்கள். பிக்கப் இல்லாத வெறும் கட்டைகளைப் படத்தில் பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை திருப்பியதில் கரகரப்பு பாதி போய்விட்டது. ஒரு வால்யூம் கன்ட்ரோலில் மட்டும் உள்ளே கார்பன் தேய்ந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கன்ட்ரோலின் கழுத்து 9.5 மில்லிமீட்டர், என் கிட்டாரின் துளையோ 7. தகட்டைக் குடைந்து பெரிதாக்க நான் தயாராக இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 500கே (500 கிலோ ஓம்) கன்ட்ரோல் கேட்டேன், எடுத்துக் கொடுத்தது கச்சிதமாக உட்கார்ந்தது. லாக் வகையா (காதுக்குச் சத்தம் சீராகக் குறையும்) லீனியர் வகையா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். லீனியர் என்றால் 10-லிருந்து 3 வரை குறைத்தாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதற்குக் கீழே சட்டென்று சத்தம் விழுந்துவிடும்.

பிக்கப்தான் படுத்தி எடுத்தது. மல்டிமீட்டர் வைத்தால் ஒன்றும் காட்டவில்லை. உள்ளே எங்கோ காயில் அறுந்திருக்கிறது. கிட்டார் பிக்கப்பின் காயில் சுற்ற 42-ஆம் நம்பர் செம்புக் கம்பி என்று படித்திருந்தேன். பழைய காயிலை பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங் கடையில் 42 கேட்டேன். சுற்றியும் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே பாபின் நிரம்பிவிட்டது. பக்கத்துப் பிக்கப் 6 கிலோ ஓம் காட்டுகிறது, இது 1-ஐக்கூடத் தொடவில்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. நான் படித்த 42 அமெரிக்க அளவு, ஏ.டபிள்யூ.ஜி. அதன் கனம் 0.063 மில்லிமீட்டர். நம் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் அளவு, எஸ்.டபிள்யூ.ஜி. அதில் 42 என்றால் 0.1 மில்லிமீட்டர். அமெரிக்க 42 வேண்டுமென்றால் இங்கே 46 என்று கேட்க வேண்டும். கடைக்காரர் மேல் தப்பே இல்லை, கேட்டதைத்தான் கொடுத்தார். 46 வாங்கி மறுபடி சுற்றியதில் பிக்கப்புக்குச் சத்தம் வந்துவிட்டது.

உங்களுக்கு எப்படி அமைந்தது?

*

தம்பி, நான் மலேசியாவில் ஈப்போவில் இருக்கிறேன். இங்கே அறுபதுகளில் கிட்டார் பேண்ட் இல்லாத ஊரே குறைவு, அந்தக் காலத்து ஜப்பான் கிட்டார்கள் இன்றும் வீடுகளில் கிடைக்கும். நான் வைத்திருப்பது ஒரு குயாடோன்.

பழைய காயிலை அறுத்துவிட்டேன் என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. பெரும்பாலும் காயில் நடுவில் அறுவதில்லை. மெல்லிய கம்பியை வெளி ஒயரோடு ஈயம் வைத்துச் சேர்த்திருப்பார்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் போகும். பற்றவைத்தபோது தங்கிய ஃப்ளக்ஸ் பசையும் நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்து செம்பை அரித்துவிடும். என்னுடையதும் அங்கேதான் விட்டிருந்தது. ஒரு சுற்றைப் பிரித்து, நுனியை நைஸ் உப்புத்தாளில் தேய்த்து, திரும்பப் பற்றவைத்தேன். அதே காயில், அதே சத்தம்.

நாப் (வால்யூமைத் திருப்பும் குமிழ்) வாங்கும்போதும் பாருங்கள். 6 மில்லிமீட்டர் தண்டுக்கான நாப் அமெரிக்க 6.35 தண்டில் ஏறாது. அடித்து இறக்கினால் பிளந்துவிடும், நான் இரண்டைப் பிளந்திருக்கிறேன்.

*

டொரொன்டோவிலிருந்து எழுதுகிறேன். எழுபதுகளில் ஜப்பானில் செய்த, ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி கிட்டார் ஒன்று என்னிடம் இருக்கு. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் துருப்பிடித்துவிட்டது, "விண்டேஜ்" என்று போட்டிருந்ததைப் பார்த்து வேறொரு பிரிட்ஜ் வாங்கினேன். வந்ததில் முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் 56 மில்லிமீட்டர் இடைவெளி, எனக்குத் தேவைப்பட்டது 52.5. மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் நெக்கின் விளிம்பை விட்டு வழுக்கிப் போயின. விற்றவர் திரும்ப எடுக்கவில்லை. கடைசியில் பழைய பிரிட்ஜையே மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துருவைத் தேய்த்து எடுத்து மாட்டினேன். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

*

ஈப்போ அண்ணனுக்கு. நீங்கள் எழுதிய அடுத்த மாதமே என் இரண்டாவது பிக்கப்பும் படுத்துவிட்டது. இந்த முறை பிளேடை எடுக்கவில்லை. மேலே சுற்றியிருந்த டேப்பை உரித்து, மேஜை விளக்கைக் கிட்டே இழுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒயரும் கம்பியும் சேரும் இடத்தில் கடுகில் பாதி அளவுக்குப் பச்சைப் புள்ளி. தொட்டதும் கம்பி விலகியது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சுற்றைப் பிரித்தேன். நுனியைத் தேய்க்கத் தேய்க்க இனாமல் போய்ச் செம்பு பளிச்சென்று தெரிந்தது. பற்றவைத்து மீட்டரை வைத்தால் 6.1 கிலோ ஓம்.

முதல் பிக்கப்பில் அறுத்தெடுத்த காயிலை ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். நேற்று அதன் நுனியையும் லென்ஸில் பார்த்தேன். அங்கேயும் பச்சைதான் பூத்திருந்தது.