பூசணியின் சுகரும் ஒரு யூனிட் இன்சுலினும்

எங்கள் பூசணிக்கு அப்போது ஒன்பது வயது. கருத்தடை செய்த ஆண் பூனை, ஆறரைக் கிலோ இருந்தவன். இரண்டே மாதத்தில் ஐந்தேகால் கிலோவுக்கு இறங்கிவிட்டான். சாப்பாடு குறையவில்லை, தண்ணீர்க் கிண்ணத்தைத்தான் நாளுக்கு மூன்று முறை நிரப்ப வேண்டியிருந்தது. பின்னங்கால் குதிகால் தரையில் பட நடக்க ஆரம்பித்ததும் பயந்துபோய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சுகர் 412. கிளார்ஜின் இன்சுலின், காலையில் ஒரு யூனிட், இரவில் ஒரு யூனிட் என்று தொடங்கினார்கள்.

ஒரு வாரம் கழித்து அங்கே பார்த்தபோது 390. டோஸ் இரண்டாக ஏறியது. அடுத்த வாரம் 371, மூன்றாக ஏறியது. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நாற்பது நிமிடம் ஆட்டோவில் கூடைக்குள் கத்திக்கொண்டே வருகிறான், அங்கே நாய்கள் குரைக்கின்றன, அந்தப் பயமே சுகரை ஏற்றிவிடும் என்று யாரும் சொல்லவில்லை. சர்க்கரை நோயே இல்லாத பூனைக்கும் பயத்தில் 300 வரை போகலாமாம்.

மூன்று யூனிட் போட்ட நாலாம் நாள், இரவு பதினொன்றரை மணி. பீரோவுக்கு அடியில் கிடந்தான். தலை ஆடிக்கொண்டிருந்தது, எழுந்தால் கால் பின்னியது. அப்பாவின் குளுக்கோமீட்டரில் பார்த்தேன், 41. விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவினேன். வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். கொஞ்சம் தெளிந்ததும் சாப்பாடு வைத்தேன். கால் மணிக்கு ஒரு தடவை குத்திப் பார்த்ததில் ஒன்றரை மணிக்குத்தான் 100 தாண்டியது. அந்த இரண்டு மணி நேரம் அம்மா அவனை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

மறுநாள் காலை 430. முன்பாக இருந்திருந்தால் 'ஐயோ, இன்னும் ஏற்றணும்' என்றுதான் நினைத்திருப்பேன். வேறொரு டாக்டரிடம் போனோம். சுகர் அப்படி விழுந்தால் உடம்பு தன் கையிருப்பைக் கொட்டி மேலே தள்ளிவிடும், அந்த எண்ணை நம்பி டோஸைத் தொடக்கூடாது என்றார். மறுபடி ஒரு யூனிட்டுக்கே இறக்கினார். "ஊசி போடுவதற்கு முன்னால் எவ்வளவு என்பது மட்டும் போதாதும்மா, இரண்டு ஊசிக்கு நடுவில் எவ்வளவு கீழே போகிறது என்று எனக்குக் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு எல்லாச் சோதனையும் வீட்டிலேயேதான். வெந்நீரில் பிழிந்த துணியைக் காது மடலில் அரை நிமிடம் வைத்தால் ஓரத்து நரம்பில் இரத்தம் நன்றாக ஓடும். மடலுக்குப் பின்னால் பஞ்சை வைத்துக்கொண்டு (இல்லாவிட்டால் உங்கள் விரலில் குத்திக்கொள்வீர்கள்) நரம்பை ஒட்டினாற்போல் குத்தினால் ஒரு சின்னத் துளி வரும், அது போதும். முதல் வாரம் பத்துக்கு ஆறு தடவை தோற்றேன். குத்தியதும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. இப்போது ஸ்ட்ரிப் டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து எழுதினேன். காலை ஏழுக்கு 286, அப்புறம் 231, 164, 118, 135, 192, மாலை ஏழுக்கு 270. காலையையும் மாலையையும் மட்டும் பார்த்திருந்தால் மருந்து போதவில்லை என்று தோன்றியிருக்கும். நடுவில் 118 வரை இறங்கியிருக்கிறது, இதுதான் சரியான டோஸ் என்றார் டாக்டர். இனி மாற்றினாலும் அரை யூனிட்தான், அதுவும் ஒரு வாரமாவது பார்த்துவிட்டுத்தான் என்பது அவர் கணக்கு. மனிதர்களுக்கான மீட்டர் பூனை இரத்தத்தில் பெரும்பாலும் குறைத்துக் காட்டும். அதனால் எந்த மீட்டர் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.

சோற்றையும் உலர் தீனியையும் நிறுத்தி, மாவுச்சத்து குறைந்த ஈரத் தீனிக்கு மாற்றினோம். அதையும் அவரிடம் கேட்டுத்தான் செய்தோம், தீனி மாறினாலே இன்சுலின் தேவை சட்டென்று குறையுமாம். நாலு மாதத்தில் அரை யூனிட்டுக்கு வந்துவிட்டான். குதிகாலும் தூக்கி நடக்கிறான்.

*

அக்கா, எங்கள் வீட்டுப் பூனைக்கும் சுகர் இப்படி விழுந்தது, ஆனால் காரணம் வேறு. டாக்டர் எழுதியது சரியான டோஸ்தான், தப்பு சிரிஞ்சில். கிளார்ஜின் ஒரு மில்லிக்கு 100 யூனிட். மருந்துக்கடையில் கொடுத்தது சிவப்பு மூடி சிரிஞ்சு, அது 40 யூனிட் மருந்துக்கானது. அதில் 2 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். இரண்டாம் நாளே வலிப்பு வந்து, ஒரு ராத்திரி முழுக்க டிரிப்பில் கிடந்தாள். பிழைத்தது அவள் அதிர்ஷ்டம். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. பாட்டிலில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு புதுப் பாக்கெட்டிலும் பாருங்கள்.

ஒரு சந்தேகம், சாப்பிடாத நாளில் என்ன செய்கிறீர்கள்?

*

தம்பி, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. அவள் மீண்டு வந்ததே பெரிய நிம்மதி.

நான் முதலில் சுகர் பார்ப்பேன், பிறகு தட்டை வைப்பேன், பாதியாவது சாப்பிட்ட பின்தான் ஊசி. சாப்பிடவில்லை, வாந்தி எடுத்தான் என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுவேன். போன மாதம் ஒரு காலை 95 காட்டியது. கூப்பிட்டேன். அந்த வேளை ஊசி வேண்டாம், மாலையில் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மாலையில் 140.