1:5 என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, எப்படி எழுதுவது?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்):
வணக்கம். நான் கட்டட வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பூச்சுக் கலவை பற்றிய ஆங்கில அறிக்கையில் 'சேண்ட் அண்ட் சிமென்ட் 1:5' என்று எழுதிவிட்டேன். ஒரு சட்டி மணலுக்கு ஐந்து சட்டி சிமென்ட்டா என்று பொறியாளர் கேட்ட பிறகுதான் பிழை தெரிந்தது. கொத்தனாரிடம் 'ஒண்ணுக்கு அஞ்சு' என்றாலே போதும், எது ஒன்று என்று அவர் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'ஒன் இஸ் டு ஃபைவ்' என்பதா, 'ஒன் டு ஃபைவ்' என்பதா?

பதில் (கணித ஆசிரியை, முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
தம்பி, நம் பள்ளிகளில் 'ஒன் இஸ் டு ஃபைவ்' என்றே சொல்லிக்கொடுக்கிறோம், அது தவறன்று. ஆனால் 'இஸ் டு' முழுமையாகப் பொருந்துமிடம் விகிதசமம்தான்: 1:5::2:10 என்பதை 'ஒன் இஸ் டு ஃபைவ் ஆஸ் டூ இஸ் டு டென்' என்று படிப்பார்கள். தனி விகிதத்துக்கு 'ஒன் டு ஃபைவ்' போதும்.

உங்கள் பிழை உச்சரிப்பில் இல்லை, வரிசையில் இருக்கிறது. பெயர்கள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில்தான் எண்களும் வரவேண்டும் என்பதால், 'தி ரேஷியோ ஆஃப் சிமென்ட் டு சேண்ட் இஸ் 1:5' என்று எழுதுங்கள். 'அண்ட்' போட்ட இடத்தில் 'டு' வந்தாலே எது எதற்கு என்பது தெளிவாகிவிடும். இன்னொன்றையும் என் மாணவர்களிடம் ஓயாமல் சொல்வேன்: 1:5 என்றால் மொத்தக் கலவையில் சிமென்ட் 'ஒன் ஃபிஃப்த்' (ஐந்தில் ஒன்று) ஆகாது. மொத்தம் ஆறு பங்கு, அதில் சிமென்ட் ஆறில் ஒன்று.

பதில் (நெல்லிக்குப்பம்):
எக்செல்லில் 1:5 என்று தட்டினால் அது நேரமாக எடுத்துக்கொண்டு 1:05 என்று மாற்றிவிடும். அந்தக் கட்டத்தை முதலில் 'டெக்ஸ்ட்' என மாற்றிக்கொண்டு தட்டுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி அம்மா. கான்கிரீட்டுக்கு 1:2:4 என மூன்று எண்கள் வருகின்றனவே, அதை எப்படிப் படிப்பது?

ஆசிரியை:
'ஒன் டு டூ டு ஃபோர்' என்று படியுங்கள். எழுதும்போது சிமென்ட், மணல், ஜல்லி என்ற வரிசை மாறக்கூடாது. சொற்களால் எழுதிக் கலவைக்கு அடைமொழியாக வைத்தால், 'எ ஒன்-டு-ஃபைவ் மிக்ஸ்' என்பதுபோல நடுவில் சிறுகோடு இடவேண்டும். எண்களாக எழுதினால் முக்காற்புள்ளியே போதும்.