மார்த்தாவின் 1982: அது மேஜரா, இல்லையா?

கொற்றவை: "ஸ்பெயின் நாட்டுப் பெண் எவரும் இதுவரை மேஜர் பட்டம் (கோல்ஃபின் மிக உயர்ந்த சில போட்டிகளில் ஒன்று) வென்றதில்லை, அந்நாட்டு மகளிர் கோல்ஃப் வீராங்கனை கார்லோட்டா சிகாண்டாவோடுதான் தொடங்குகிறது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்து மனம் கொதித்தது. 1982-இல் இங்கிலாந்தின் ராயல் பர்க்டேல் மைதானத்தில் மகளிர் பிரிட்டிஷ் ஓபனை வென்றவர் மாட்ரிட்டில் பிறந்த மார்த்தா ஃபிகுவெராஸ்-டோட்டி. அப்போது அவர் அமெச்சூர், அதாவது பணத்துக்காக ஆடாதவர் என்பதால், கோப்பையை ஏந்திய கையால் பரிசுத்தொகையில் ஒரு காசைக்கூடத் தொட விதி இடம் தரவில்லை. இது மேஜர் இல்லையென்றால் வேறு எது மேஜர்?

வழுதி: அப்படி எழுதியவன் நான்தான், ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன். அமெரிக்காவில் மகளிர் தொழில்முறை கோல்ஃபை நடத்தும் எல்பிஜிஏ அமைப்பு, கனடாவின் டு மோரியே போட்டிக்குப் பதிலாக மகளிர் பிரிட்டிஷ் ஓபனை மேஜர் வரிசையில் சேர்த்தது 2001-இல்தான். 1982-இல் மார்த்தா வென்றது நல்ல பட்டம், மேஜர் அன்று.

கொற்றவை: பட்டியல் போட்டவர்கள் அமெரிக்கர்கள், ஆடி வென்றவர் மார்த்தா. 1976-இல் இதே பர்க்டேலில் பத்தொன்பது வயது ஸ்பானிய வீரர் செவே பயஸ்டெரோஸ் ஆடவர் ஓபனில் இரண்டாம் இடத்தோடு திரும்பினார். அதே மணல்மேடுகளுக்கு நடுவே, கடற்காற்று பந்தைத் திசைமாற்றும் அதே புல்தரையில், ஆறு ஆண்டுகள் கழித்துக் கோப்பையை வென்றவர் ஒரு ஸ்பானியப் பெண். செவேயின் இரண்டாமிடத்தைப் போன மாதம் மூன்று பத்திகளில் போற்றிய நீங்கள், மார்த்தாவின் முதலிடத்துக்கு ஒரு வரியும் ஒதுக்கவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

வழுதி: செவேயை இதில் இழுக்காதீர்கள் அம்மா. ஆஸ்திரேலியாவின் கேரி வெப் 1995-இலும் 1997-இலும் இதே பிரிட்டிஷ் ஓபனை வென்றார். அவருடைய ஏழு மேஜர்களில் அவ்விரண்டும் இல்லை. 2002-இல் டர்ன்பெரியில் வென்றது மட்டுமே உண்டு. வெப்புக்கு ஒரு நியாயம், மார்த்தாவுக்கு ஒரு நியாயமா?

கொற்றவை: வெப்புக்கும் அநியாயம் நடந்தது என்றுதான் அதற்குப் பொருள். 1982 மேஜர்தான்.

இளம்பிறை: அமெச்சூராக இருப்பது தடையில்லை, 1967-இல் பிரான்சின் கேத்தரின் லக்கோஸ்ட் அமெச்சூராகவே அமெரிக்க மகளிர் ஓபனை வென்றார். ஆனால் வழுதி ஐயா, "சிகாண்டாவோடு தொடங்குகிறது" என்பதை எப்படி ஏற்பது? 1984-இல் எல்பிஜிஏவில் சேர்ந்த மார்த்தா, பத்தாண்டுகள் காத்திருந்து 1994-இல் ஹவாயில் பட்டம் வென்றார். ஸ்பானியப் பெண் ஒருவர் எல்பிஜிஏவில் பெற்ற முதல் வெற்றி அது.

வழுதி: ஹவாயை நான் எங்கே மறுத்தேன்? ஐரோப்பிய, அமெரிக்க மகளிர் அணிகள் மோதும் 2023 சோல்ஹைம் கோப்பையில், சொந்த மண்ணான ஸ்பெயினின் ஃபின்கா கோர்தெசினில், பதினாறாவது, பதினேழாவது குழிகளில் அடுத்தடுத்து பேர்டி (குழிக்குக் குறித்த அடிகளைவிட ஒன்று குறைவு) போட்டு அமெரிக்காவின் நெல்லி கோர்டாவை வீழ்த்தி, 14-14 என்ற சமநிலையில், ஏற்கெனவே கோப்பையை வைத்திருந்த ஐரோப்பாவிடமே கோப்பையை நிற்கவைத்தவர் சிகாண்டா. அன்று பார்த்தவர்கள் என் சொல்லைப் புரிந்துகொள்வார்கள். உங்களுக்குக் கோல்ஃபைவிடப் பழைய கணக்குத் தீர்ப்பதில்தான் ஆர்வம் போலும்.

இளம்பிறை: என்னையா சொல்கிறீர்கள்? நான் ஒரு கேள்விதானே கேட்டேன்.

கொற்றவை: அவரை விடுங்கள் இளம்பிறை. ஐயா, சிகாண்டா பிறந்தது 1990-இல். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே மார்த்தா பர்க்டேலில் கோப்பையோடு நின்றார். மேஜர் பட்டியலை யார் எந்த ஆண்டு திருத்தினாலும் அந்த 1982 அங்கேயேதான் இருக்கிறது.

வழுதி: இருக்கட்டும். 2001 வரை அது மேஜர் அன்று.