வீட்டுப் பள்ளியும் வயலும்: செட்டிநாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களின் அனுபவப் பகிர்வு

ஒவ்வொரு பகுதியிலும் ஒரு குடும்பம் தன் அனுபவத்தைச் சொல்கிறது; தலைப்பில் இருப்பது அவர்கள் ஊர்.

கல்லல் பக்கம்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்துக்கொண்டு விவசாயமும் பார்க்க நினைக்கிற விசுவாசக் குடும்பங்கள் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது காலண்டர்.

நம் பக்கத்துக் கண்மாய் (ஏரி) நெல் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசியில் புழுதி விதைப்பு (காய்ந்த மண்ணில் விதைப்பது), ஐப்பசி கார்த்திகையில் களை, தை மாசியில் அறுப்பு. பள்ளிக்கூடத்தின் காலண்டரை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால், பாடம் கனக்கிற மாதங்களும் வயலில் ஆள் தேவைப்படுகிற மாதங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அம்மா வரப்பில் நிற்பார், பிள்ளை தனியாக நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பாடமும் நடக்காது, களையும் ஓயாது.

அதனால் கணக்கு, இலக்கணம் போன்ற கனமானவற்றை ஜூனில் தொடங்கிச் செப்டம்பர் நடுவுக்குள் பாதி முடித்துவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு மணி நேரம் போதும்: வாசிப்பு, வாய்ப்பாடு, வயல் நோட்டு. அறுப்பு முடிந்து களம் காலியானதும் மீதிப் பாதியை எடுக்கலாம். மார்ச்சுக்கு மேல் வெயில் ஏறிவிடும், காலை 6 மணிக்கே பாடம் தொடங்கினால் 10 மணிக்குள் முடித்துவிடலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை வயலில் நின்றாலே படிப்பு வந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வராது. பார்த்ததை அளந்து, தேதி போட்டு எழுதி, மறுநாள் புத்தகம் பார்க்காமல் வாயால் சொன்னால்தான் அது பாடம்.

பள்ளத்தூர் பக்கம்

கல்லல் பிரதர் சொன்ன காலண்டரோடு ஒரு நாளின் ஒழுங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 மணிக்குப் பால் கறப்பு, சாணி அள்ளுவது, கோழி திறப்பது. 6.15க்குக் குடும்ப ஜெபம். கறப்புக்கு முன்னால் ஜெபம் வைத்தால் கன்று கத்தும், எல்லோர் மனசும் தொழுவத்திலேயே இருக்கும். ஒரு சங்கீதம், ஒரு அதிகாரம், பாட்டு ஒன்று, ஆளுக்கொரு வரி ஜெபம், அவ்வளவும் இருபது நிமிடத்துக்குள். நீட்டினால் சின்னவன் தூங்கிவிடுவான், அடுத்த நாள் ஜெபம் என்றாலே முகம் சுருங்கும்.

வசன மனப்பாடத்துக்கு வாரம் ஒரு வசனம் போதும். ஒரு டப்பாவில் மூன்று தடுப்பு வையுங்கள்: தினம், வாரம், மாதம். புது வசனச் சீட்டு தினத் தடுப்பில் இருக்கும். தடுமாறாமல் ஏழு நாள் சொன்னால் வாரத்துக்குப் போகும், அங்கே நாலு தடவை சரியாகச் சொன்னால் மாதத்துக்கு. தவறினால் மறுபடி தினத்துக்கே வரும். திருக்குறளுக்கும் இதே டப்பாதான்.

அம்மாக்கள் களைத்துப்போய் வீட்டுக்கல்வியைக் கைவிடுவதற்கு முக்கியக் காரணம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே எடுப்பதுதான். நாலு பிள்ளைக்கு அஞ்சு பாடம் என்றால் இருபது பீரியட். எந்த அம்மாவாலும் முடியாது. வேதம், வரலாறு, புவியியல், அறிவியல் நாலையும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் வாசியுங்கள். கேட்டதைச் சின்னவள் வாயால் சொல்லட்டும், நடுவுள்ளவன் படம் வரையட்டும், பெரியவள் ஒரு பக்கம் எழுதட்டும். கணக்கும் தமிழும் மட்டும் வயசுக்கேற்றபடி தனித்தனி, ஆளுக்கு 25 நிமிடம். ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்றவர் தானே செய்கிற வேலையில் இருக்க வேண்டும். சின்னவளுக்குப் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரிப்பதே அரை மணி நேரக் கணக்கு. பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செலவு பிரிண்ட் எடுப்பதற்கு மட்டும்தான்.

சாக்கோட்டை பக்கம்

வேதமும் அறிவியலும் ஒரே பாடமாகச் சேருகிற இடம் மத்தேயு 13. விதைக்கிறவன் உவமையை வாசித்துவிட்டு நிறுத்திவிடாமல் விதைத்தே பார்க்கலாம். நாலு இடம் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு ஒரு முழம்: மாடு நடந்து இறுகிய வண்டிப்பாதை, செம்பூரான்கல் பாறைமேல் இரண்டு விரல் கனத்துக்கு மண் கிடக்கிற இடம், சீமைக்கருவேலுக்கு அடி, எருவிட்டுக் கொத்திய பாத்தி. நாலிலும் ஐம்பது ஐம்பது கம்பு விதை. புரட்டாசியில் முதல் மழைக்கு மறுநாள் போடுங்கள். போட்ட பிறகு நிலம் கிளறவோ மூடவோ வேண்டாம்.

பிள்ளைகள் தினமும் எண்ணி எழுத வேண்டும். பாதையில் போட்டதைப் பெரும்பாலும் எறும்பும் மைனாவும் அன்றே எடுத்துவிடும். பாறைமேல் போட்டது பல சமயம் மற்றவற்றுக்கு முன்னாலேயே முளைக்கும், ஏனென்றால் மெல்லிய மண் வெயிலில் சீக்கிரம் சூடேறும். "மண் ஆழமாயிராததினாலே அது சீக்கிரத்தில் முளைத்தது" என்று எழுதியிருப்பது அங்கே கண்ணெதிரே நடக்கும். நாலு நாள் மழை நின்றால் அதுதான் முதலில் வாடும். ஒரு செடியைப் பிடுங்கினால் வேர் கீழே போக இடமில்லாமல் பாறையில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருப்பதைத் தொட்டுப் பார்க்கலாம். கருவேலுக்கு அடியில் முளைத்தது வெளிறி, ஒல்லியாக, வெளிச்சம் தேடிச் சாய்ந்து நிற்கும்.

முப்பது, அறுபது, நூறு என்ற பலனுக்கும் கணக்கு உண்டு. ஒரு ஏக்கரில் 30 கிலோ விதைத்து 1,800 கிலோ கண்டால் அது அறுபது. இதைத் தங்கள் வயல் எண்ணிக்கையை வைத்துப் பிள்ளையே வகுத்துக் கண்டுபிடிக்கட்டும்.

அதே அதிகாரத்தின் களை உவமைக்குக் குதிரைவாலிப் புல்லைக் காட்டுங்கள். இளசில் நெல்லும் அதுவும் ஒன்றுபோலவே இருக்கும். இலை தண்டோடு சேருகிற கணுவில் பார்க்கச் சொல்லுங்கள்: நெல்லில் அந்த இடத்தில் வெள்ளைச் சவ்வு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், இருபுறமும் மயிர் முளைத்த சின்னக் காது இருக்கும். புல்லில் இரண்டும் இருக்காது, வழுவழு என்றிருக்கும். எட்டு வயசுப் பிள்ளை ஒரே காலையில் இதைப் பிடித்துக்கொள்ளும். இருபதாம் நாளுக்குள் களை எடுத்தால் புல் மட்டும் வரும். பூட்டை (கதிர்) வாங்கும் நேரத்தில் இழுத்தால் வேர்கள் பின்னிக்கிடப்பதால் நெல்லும் சேர்ந்து வரும். இரண்டையும் அறுப்புவரை வளர விடுங்கள் என்று எஜமான் சொன்னதற்கான காரணத்தைக் கையில் பிடித்தபடியே பேசலாம்.

புதுவயல் பக்கம்

அடர்த்தி என்கிற பாடத்துக்கு விதைநெல் தேர்வைவிட நல்ல சோதனை இல்லை. பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கோழி முட்டையைப் போட்டால் அடியில் போய்க் கிடக்கும். கல்லுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள், ஒன்றரை கிலோ வரை பிடிக்கலாம். முட்டை எழும்பி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மேலே தெரிந்ததும் நிறுத்த வேண்டும். அதில் விதையைக் கொட்டிக் கிளறினால் பதரும் அரைக்கருக்காயும் (பாதி முற்றிய நெல்) மிதக்கும், அரித்து எடுத்துவிடலாம். மூழ்கிய நெல்லை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசவேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

இதில் வழக்கமாக நடக்கிற பிழை பழைய முட்டை. நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெருத்திருக்கும், உப்பு போதாதபோதே எழும்பிவிடும், பதர் விதையோடு தங்கிவிடும். அன்று இட்ட முட்டைதான் வேண்டும்.

மழையளவுக்குக் கடைப்பொருள் எதுவும் தேவையில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள டப்பா, உள்ளே நிறுத்த ஒரு ஸ்கேல். கழுத்து குறுகிய பாட்டில் தப்புக் கணக்கு காட்டும். பக்கத்து மரமோ வீடோ எவ்வளவு உயரமோ, அதன் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். வானிலைத் துறை அளக்கிற காலை 8.30க்கே நீங்களும் அளந்தால் செய்தியில் சொல்கிற அளவோடு ஒப்பிடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர். அப்படியானால் 25 மி.மீ. மழையில் ஒரு சென்டில் விழுந்தது ஆயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். இதற்கப்புறம் கண்மாய், மடை (தண்ணீர் திறக்கிற வழி), கலுங்கு (மிகுந்த தண்ணீர் வழியும் இடம்), ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) எல்லாம் பிள்ளைக்குத் தானாகப் புரியும்.

செம்மண்ணில் கடலை போடுகிறவர்கள் 40–45ஆம் நாள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் வைத்து மண் அணைக்கும்போது, இரண்டு வரிசையை மட்டும் ஜிப்சம் இல்லாமல் விடுங்கள். பறித்த பிறகு பொக்குக் கடலையை (உள்ளே பருப்பில்லாததை) எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஜிப்சம் தருகிற, காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை விழுதும் (பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் காம்பு) காயும் மண்ணிலிருந்து நேராக எடுக்கின்றன, வேர் கொண்டுவந்து தருவதில்லை. விழுது இறங்கிய பின் களைக்கொத்து படக்கூடாது என்பதையும் அதே நாளில் சொல்லிவிடலாம்.

காரைக்குடி

காகித விஷயத்தை யாரும் தொடவில்லை, ஆனால் சிக்கல் வருவது அங்கேதான். 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கான 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதில் வீட்டுக்கல்வி என்று தனியாக எதுவும் இல்லை. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது பிரிவு 10, அதற்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வந்தால் வாசலிலேயே வாதம் செய்யாதீர்கள். உட்கார வைத்து மோர் கொடுத்து, தேதி போட்ட நோட்டுகளைக் காட்டுங்கள். அவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள்.

பள்ளியை நிறுத்துகிறவர்கள் மாற்றுச் சான்றிதழை அப்போதே வாங்கிவிட வேண்டும். பிறப்புச் சான்று, ஆதார், சாதிச் சான்று மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்றில், வீட்டுப்பெயர் ஒன்றில் என்று இருந்தால் தேர்வு விண்ணப்பத்தில் மாட்டிக்கொள்ளும்.

மாநிலத் தேர்வுத் துறையின் எட்டாம் வகுப்புத் தேர்வை 12½ வயது நிரம்பிய பிள்ளை தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்புக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து பாடம், தேர்ச்சி 33 சதவீதம். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. அதனால் எல்லாப் பாடத்தையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. வீட்டில் எழுதித் தருகிற ஒப்படைப்புக்கு 20 சதவீதம் உண்டு, அதை அலட்சியம் செய்தால் கடைசியில் அந்த மதிப்பெண்ணுக்காகத்தான் தவிக்க நேரும். பொதுத்தேர்வு ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று இரு முறை. நம் பக்கம் அக்டோபரை எடுக்காதீர்கள், அது விதைப்பும் களையும். அறுப்பு முடிந்து இரண்டு மாதம் படிக்க நேரம் தருகிற ஏப்ரல்தான் விவசாய வீட்டுக்கு ஏற்றது.

தேவகோட்டை பக்கம்

நாங்கள் கத்தோலிக்கர், ஆகவே ஜெபமாலையும் ஞாயிறு பூசையும் ஒழுங்கில் வரும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாமா என்ற கேள்வி எல்லாச் சபை வீடுகளிலும் உண்டு. மாடு, ஆடு, கோழிக்கு ஞாயிறு கிடையாது: கறப்பு, தீவனம், தண்ணீர் மூன்றும் நடக்க வேண்டும். கண்மாய்த் தண்ணீர் முறை அன்று வந்தால் அதையும் விடக்கூடாது, விட்டால் அடுத்த முறைவரை பயிர் காயும். கிணற்றில் விழுந்த மாட்டை ஓய்வுநாளிலும் தூக்கிவிடுவீர்களே என்று லூக்கா 14:5இல் ஆண்டவர் கேட்டது இதற்குப் பொருந்தும். அறுப்பு, உழவு, கூலி ஆள் வைக்கிற வேலை எதுவும் அன்று வேண்டாம். அதற்குச் சனிக்கிழமை மாலையே புல் அறுத்து, இரண்டு வேளைக்குத் தவிடு அளந்து, சாப்பாட்டுக்கு மாவு ஆட்டி வைத்துவிட வேண்டும்.

வரலாற்றுப் பாடத்தை ஓரியூரிலிருந்து தொடங்குங்கள். 1647இல் லிஸ்பனில் பிறந்த இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), மறவர் நாட்டில் கிழவன் சேதுபதி காலத்தில் 1693 பிப்ரவரி 4இல் அங்கே கொல்லப்பட்டார். 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். லிஸ்பனிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கோவா வரைக்கும் உள்ள கடல்வழியைப் பிள்ளை வரைந்தால் புவியியலும் முடிந்தது. அவர் இரத்தத்தால் சிவந்ததாக நம்பப்படுகிற ஓரியூர் மண்ணைப் பார்க்கும்போது விசுவாசம் என்ன சொல்கிறது, மண்ணியல் என்ன சொல்கிறது என்று இரண்டையும் பயமில்லாமல் பேசுங்கள்.

அறுப்பு நேரத்தில் லேவியராகமம் 19:9 வாசித்துவிட்டு வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காமல் விடுங்கள். எந்த ஓரம், எத்தனை அடி என்று பிள்ளைகளே அளந்து கயிறு கட்டட்டும். சிந்தின கதிர் பொறுக்க வருகிற ஆத்தாக்களிடம் மரியாதையாகப் பேசவும் அன்றே பழகட்டும்.

சிங்கம்புணரி பக்கம்

பாதுகாப்பும் பாடத்திட்டத்தில் வேண்டும். கோடையில் கண்மாயில் மண் எடுத்த குழிகள் தண்ணீர் வந்ததும் தெரியாது. முழங்கால் ஆழம் என்று நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் தலைக்குமேல் போய்விடும். பங்குனி சித்திரையில், கண்மாய் காய்ந்து கிடக்கும்போதே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் குழிகளை வரைபடமாக எழுத வையுங்கள்.

பாம்பில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் படத்தில் அடையாளம் சொல்லத் தெரிய வேண்டும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் தெரியாது, தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சொருகல் என்றால் அதையே சந்தேகிக்க வேண்டும். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விசுவாசத்தோடு ஜெபியுங்கள், வண்டியில் போய்க்கொண்டே ஜெபியுங்கள்.

ஆடு மேய்க்கிற பிள்ளைக்கு இளம் சோளத்தைக் காட்டி வையுங்கள். பூக்கும் முன் இருக்கிற சோளப் பயிரில், அதிலும் மழையில்லாமல் வாடி நிற்பதில், சயனைடு விஷம் இருக்கும். ஆடு கொஞ்ச நேரம் மேய்ந்தாலே வயிறு உப்பாமலேயே மூச்சுத்திணறி விழும்.

பள்ளத்தூர் பக்கம்

சின்னவர்களுக்கு என்ன கொடுப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அடைகாக்கும் கோழி போதும். ஏழு நாளுக்குள் இட்ட பத்து முட்டை, கழுவாமல், ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி. ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் சிலந்திக்கால் போல ரத்தநாளம் தெரியும், தெரியாதவை கூமுட்டை, எடுத்துவிடுங்கள். 21ஆம் நாள் குஞ்சு. குஞ்சுக்கு ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டுவந்து, கலக்கிய ஒரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். சொட்டை எண்ணிப் போடுகிற வேலை பெரியவளுக்கு, நோட்டில் டிக் போடுகிற வேலை சின்னவளுக்கு.