தடைப் பட்டியலில் பேர் ஏறினால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

முள்ளியவளைப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணாவை 2009 மே மாதம் வட்டுவாகலில் அம்மாவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் இராணுவத்திடம் ஒப்படைத்தவர். "விசாரிச்சுப்போட்டு விடுவம்" என்றார்களாம். அதற்குப் பிறகு எந்த ஆணைக்குழு வந்தாலும் போய்ப் பதிந்திருக்கிறோம். செஞ்சிலுவையிலும் பதிவு இருக்கிறது, காணாமல் போனோர் அலுவலகத்திலும் இருக்கிறது.

2020 பெப்ரவரியில் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா அமெரிக்காவுக்குள் வரமுடியாது என்று அந்த நாடு சொன்னது. 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதிகளான மகிந்த, கோத்தாபய ராஜபக்ச சகோதரர்கள் இருவரையும் இன்னும் இரண்டு படையினரையும் கனடா தடைப் பட்டியலில் போட்டது. 2025 மார்ச் 24இல் பிரிட்டன் சவேந்திர சில்வா, முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட, முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரிய, புலிகளிலிருந்து பிரிந்த கருணா ஆகிய நால்வருக்கும் பயணத்தடையும் சொத்து முடக்கமும் போட்டது. அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அந்தச் செய்தியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கேட்டது ஒன்றுதான்: "அவங்கள் லண்டனுக்குப் போகாட்டி என்ரை பிள்ளை வருமோ?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எதிர்த்துப் பேசியவர்களைப் பிடித்து அடைத்த, கொன்ற அதிகாரிகளுக்கு எதிராக வேறு நாடுகள் விஷயத்திலும் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று வாசித்தேன். அங்கே எங்கேயாவது பலன் இருந்ததா? இன்னொன்று, தடைக்கு விண்ணப்பிக்க என்று வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் எங்கள் ஆவணங்களைக் கேட்கிறார். கொடுக்கலாமா? அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவரை இன்னொரு முறை அலைக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

வவுனியாக்காரன்:

தங்கச்சி, முதலில் அம்மாவின் கேள்விக்கு நேரான பதில். தடை ஒருவரையும் திருப்பிக் கொண்டுவராது. அதை முதலே சொல்லாமல் உங்களிடம் ஆவணம் கேட்டு வருகிற ஆளை நம்பவேண்டாம்.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் தொடக்கம் ரஷ்யாவில். செர்கேய் மாக்னிட்ஸ்கி என்ற வரி ஆலோசகர், 23 கோடி டொலர் அரச வரிப்பணத்தை அதிகாரிகளே சேர்ந்து சுருட்டியதைச் சாட்சியமாகச் சொன்னார். சொன்னவரையே 2008 நவம்பரில் பிடித்து அடைத்தார்கள். நோய்க்கு ஒழுங்கான வைத்தியம் கொடுக்காமல் ஏறக்குறைய ஒரு வருடம் விளக்கமறியலில் வைத்திருந்தார்கள். 2009 நவம்பர் 16இல் 37 வயதில் மொஸ்கோ சிறையில் இறந்துபோனார். அவர் பெயரில் அமெரிக்கா 2012இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2016இல் அதை எல்லா நாட்டு அதிகாரிகளுக்கும் விரித்தது. அதன் வழியில் 2017இல் கனடா, 2020இல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும்.

பலன் இருந்ததா என்று கேட்டீர்கள். அந்தச் சட்டம் வரவேண்டும் என்று நாடு நாடாகப் போய் வாதாடியவர்களில் ஒருவர் ரஷ்ய எதிரணி அரசியல்வாதி விளாடிமிர் காரா-முர்ஸா. 2022இல் உக்ரைன் போரை எதிர்த்துப் பேசியதற்காக அவரைப் பிடித்தார்கள், 2023 ஏப்ரலில் 25 வருடச் சிறை. அந்த வழக்கில் தலைமை நீதிபதியாக இருந்தவர் செர்கேய் போடோப்ரிகோரோவ். மாக்னிட்ஸ்கியைத் தடுத்துவைக்க உத்தரவிட்டதற்காக ஏற்கெனவே அமெரிக்கப் பட்டியலில் பேர் ஏறியவர் அவர். தன்னைத் தண்டிக்க வைத்தவனைத் தானே விசாரித்து உள்ளே தள்ளினார். தடை அவருடைய கையைக் கட்டவில்லை, காரா-முர்ஸா வெளியே வந்ததும் 2024 ஓகஸ்ட் கைதிப் பரிமாற்றத்தில்தான். ஆனால் இதையே மற்றப் பக்கத்தாலும் பாருங்கள். உறைக்காத தடையாக இருந்திருந்தால் அதற்காக வாதாடிய ஒருவர் மீது அவ்வளவு வன்மம் ஏன்?

இன்னொரு விஷயம், "தடை" என்று செய்தி வந்தால் என்ன தடை என்று பார்க்கவேண்டும். சவேந்திர சில்வா மீதான அமெரிக்க அறிவிப்பு அவரும் அவருடைய நெருங்கிய குடும்பமும் உள்ளே வரமுடியாது என்பது மட்டும்தான், காசில் கை வைக்கவில்லை. பிரிட்டன் செய்தது அதைவிடப் பெரியது. அங்கே இருக்கும் சொத்து முடங்கும், அந்த நாட்டு வங்கியோ ஆளோ அவருக்குக் காசு கொடுக்க முடியாது.

ஸ்காபரோவிலிருந்து:

நான் புதுக்குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன், இப்போது கனடாவில். வவுனியாக்கார அண்ணை சொன்னது சரி, ஆனால் கனடாப் பட்டியலில் அந்த இரண்டு படையினர் யார் என்று சொல்லாமல் விட்டால் விஷயம் விளங்காது. ஒருவர் சந்தன ஹெட்டியாராச்சி, கடற்படை, 2008-2009இல் 11 பேர் கடத்தப்பட்ட வழக்கில் பேர் வந்தவர். மற்றவர் சுனில் ரத்நாயக்க, இராணுவம். 2000 டிசம்பரில் மிருசுவிலில் தங்கள் வீடுவாசலைப் பார்க்கப் போன இடம்பெயர்ந்த சனம் எட்டுப் பேரைக் கொன்று புதைத்தார்கள், அதில் ஒன்று ஐந்து வயதுக் குழந்தை. 2015இல் அவருக்கு மரண தண்டனை, 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச்சில், ஊரெல்லாம் ஊரடங்கில் கிடந்த நேரம், கோத்தாபய மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். நாட்டின் நீதிமன்றம் 19 வருடம் எடுத்துச் சொன்னதை ஒரு கையெழுத்து இல்லாமல் ஆக்கியது. கனடா என்ன செய்தது? மன்னித்தவரையும் மன்னிக்கப்பட்டவரையும் ஒரே பட்டியலில் போட்டது. எனக்கு அது சின்ன விஷயமில்லை. இலங்கையில் எந்த மன்னிப்பும் அந்தப் பட்டியலைத் தொடாது.

உறைக்குமா என்றால், உறைத்தது என்று தண்டிக்கப்பட்டவரே சொன்ன கதை இருக்கிறது. ஹொங்கொங்கில் ஜனநாயகம் கேட்டவர்களை ஒடுக்கியதற்காக அங்கத்தைய ஆட்சித் தலைவி கேரி லாம் மீது அமெரிக்கா 2020 ஓகஸ்டில் தடை போட்டது. சில மாதம் கழித்துத் தொலைக்காட்சியில் அவரே சொன்னார், தனக்கு வங்கிச் சேவையே இல்லை, சம்பளம் காசாகத்தான் வருகிறது, வீட்டில் காசு குவிந்து கிடக்கிறது என்று. ஆட்சித் தலைவிக்கு ஒரு வங்கிக் கணக்கு இல்லை! அதால் ஹொங்கொங்கில் சிறையில் இருந்தவர்கள் வெளியே வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேணும். ஆனால் அடுத்த அதிகாரி உத்தரவில் கையெழுத்து வைக்க முதல் ஒருக்கால் யோசிப்பான் என்று நான் நம்புகிறேன்.

இரணைமடுவார்:

பிள்ளையள் கோபிக்கவேண்டாம், நான் உங்கள் பக்கம்தான். ஆனால் வன்னியில் இருந்த என் வயசு ஆட்களுக்குத் தடை என்றால் வேறு நினைவு. போர்க்காலத்தில் அரசு போட்ட பொருளாதாரத் தடையால் பற்றரி இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, ஜாம் போத்தலில் திரி போட்டுத்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். தடையைப் போட்டவன் கொழும்பில் நன்றாகத்தான் இருந்தான். 2010இல் ஐரோப்பா ஜிஎஸ்பி பிளஸ் என்ற ஏற்றுமதி வரிச் சலுகையை நிறுத்தியபோதும் உறைத்தது யாருக்கு? தையல் மெஷினில் இருந்த பிள்ளைகளுக்கு. கட்டளையிட்ட ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

இப்போது சவேந்திர சில்வாவைப் பாருங்கள். 2020 பெப்ரவரியில் அமெரிக்கத் தடை, அதே வருடம் டிசம்பரில் ஜெனரல் பதவி, 2022 முதல் 2024 கடைசி வரை பாதுகாப்புப் படைகளின் பிரதானி. இது தண்டனையா, பதவி உயர்வுக்குத் தகுதியா?

பெரிய நாடுகள் தங்கள் தேவைக்குத்தான் இதைக் கையில் எடுக்கும் என்பதும் உண்மை. பிரேசிலில் முன்னாள் ஜனாதிபதி பொல்சொனாரோவின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியை விசாரித்த நீதிபதி அலெக்ஸாண்ட்ரே டி மொராயிஸ் மீது 2025 ஜூலையில் அமெரிக்கா இதே மாக்னிட்ஸ்கிச் சட்டத்தைப் பாய்ச்சியது, டிசம்பரில் எடுத்தும் விட்டது. அதே ஆண்டில் சர்வதேச குற்றவியல் நீதிமன்ற நீதிபதிகள் சிலரையே அமெரிக்கா தடை செய்தது. எங்களுக்கு நீதி தரக்கூடிய ஒரே மன்றம் என்று நாங்கள் கையேந்துகிற இடம் அது. அப்படிப்பட்ட கையிடம் எங்கள் தாய்மாரின் கண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டுமா?

வவுனியாக்காரன்:

ஐயா, நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று விஷயம், கலக்கக்கூடாது.

வன்னிக்குப் போட்டது ஊரைப் பட்டினி போடுகிற தடை, அது எவன் போட்டாலும் அநியாயம். இது ஆள்பார்த்துப் போடுவது. ஜகத் ஜயசூரியவின் சொத்து பிரிட்டனில் முடங்கினால் பரந்தனில் ஒருவருக்கும் சோறு குறையாது. ஜிஎஸ்பியை நிறுத்துவதைவிட இந்த வழி நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணமே அதுதான்.

மொராயிஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆட்சி மாறினால் பட்டியல் மாறும். அதனால்தான் ஒரு நாட்டோடு நிற்கக்கூடாது, ஒரே ஆதாரம் நாலைந்து நாடுகளுக்குப் போகவேண்டும். ஐநா மனித உரிமை ஆணையாளராக இருந்த மிச்செல் பச்செலே 2021 ஜனவரி அறிக்கையில் இலங்கை விஷயத்தில் பயணத்தடை, சொத்து முடக்கம் பற்றி யோசியுங்கள் என்று எல்லா நாடுகளிடமும் கேட்டார். அந்த மார்ச்சில் ஜெனீவாவில் ஆதாரம் திரட்டி வைக்க ஒரு பொறிமுறையும் வந்தது. எந்த நாட்டு அரசியல் மாறினாலும் அங்கே போன கோப்பு இருக்கும். தடைக்கும் உதவும், நாளைக்கு ஏதாவது ஒரு நாட்டில் வழக்கு வந்தால் அதற்கும் உதவும்.

பதவி உயர்வுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தத் தடை தனியாக நின்றது, பிரிட்டன் சேர ஐந்து வருடம் போனது. இரண்டும் அடுத்தடுத்து வந்திருந்தால் அவரை அந்தப் பதவிக்குப் போடுவது எந்த ஜனாதிபதிக்கும் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருக்கும்.

ஒரு சட்டச் சிக்கலையும் எல்லோரும் தெரிந்திருக்கவேண்டும். பிரிட்டனின் 2020 மனித உரிமைத் தடை விதி மூன்றுக்குத்தான்: உயிரைப் பறித்தல், சித்திரவதை, அடிமைவேலை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைச் சும்மா பிடித்து வருடக்கணக்கில் அடைத்தது அந்த விதிக்குள் வராது, உள்ளே அடித்தார்கள் என்பது வரும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி அகலம், வலிந்து காணாமலாக்குதலும் காரணமற்ற கைதும் அதில் அடங்கும். ஆனால் அங்கே 27 நாடும் ஒருமித்துச் சம்மதிக்கவேண்டும். ஆகவே யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து எதை முன்னுக்கு எழுதுவது என்பது மாறும்.

முள்ளியவளைப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. வாசித்தபிறகு அம்மாவின் பையை எடுத்துப் பார்த்தேன். பொலித்தீன் பை, அதுக்குள் லமினேட் பண்ணின படம், பதிவுத் துண்டுகள், கடிதங்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி சிங்களத்தில் இருக்கிறது. அம்மா தமிழில் சொல்லச் சொல்ல அவர்கள் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைக்கச் சொல்ல வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். அம்மா கையளித்தார் என்று ஒரு இடத்திலும் இல்லையாம், யுத்தத்தின்போது காணாமல் போனார் என்று மட்டும் இருக்கிறதாம். அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. அதிகாரியின் பேர் என்று படிவத்தில் கேட்ட இடங்களில் எல்லாம் "இராணுவம்" என்றுதான் எழுதியிருக்கிறோம். இதை வைத்து யார் என்ன செய்ய முடியும்?

பரந்தன் அக்கா:

பிள்ளை, செய்யலாம். நான் சில குடும்பங்களுக்கு வாக்குமூலம் எழுத உதவி செய்கிறவள். உங்கள் பொலிஸ் பிரதி மாதிரி எத்தனையோ வீட்டில் இருக்கிறது. அதைக் கிழிக்கவோ மறைக்கவோ வேண்டாம், அப்படியே வைத்திருங்கள். அம்மா புதிதாகத் தமிழில் ஒரு வாக்குமூலம் கொடுக்கட்டும், பழைய பிரதியில் என்ன விடுபட்டது, ஏன் விடுபட்டது என்பதையும் அதிலேயே சொல்லட்டும்.

அதிகாரியின் பேர் தெரியாதது பெரிய குறையில்லை. அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தேவைப்படுவது வேறு. எந்த நாள், காலையா பின்னேரமா, பாலத்தில் இருந்து எவ்வளவு தூரம், முள்ளுக்கம்பி அடித்திருந்ததா, ஒலிபெருக்கியில் தமிழில் கூப்பிட்டது யார், உடுப்பில் என்ன அடையாளம், ஏற்றினது பஸ்ஸா ட்ரக்கா, பக்கத்தில் நின்ற குடும்பம் எது. சரணடைந்தவர்களோடு போய்க் காணாமல் போன கத்தோலிக்கக் குரு பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரோடு பஸ்ஸில் ஏற்றப்பட்டவர்களோடு அண்ணாவும் போயிருந்தால் அதைக் கட்டாயம் எழுதவேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் நின்ற வேறு சனத்தின் சாட்சியமும் இருக்கிறது, ஒன்றோடு ஒன்று பொருந்தும். அன்றைக்கு அந்தத் துண்டு நிலத்தில் எந்தப் படைப்பிரிவு நின்றது, அதற்கு மேல் யார் என்று தேடிப் பொருத்துவது ஆவணம் தொகுக்கிறவர்களின் வேலை. பிரிட்டனில் ஒருவரைப் பட்டியலில் போட நியாயமான சந்தேகத்துக்கு இடம் இருந்தால் போதும், குற்றவியல் வழக்குப்போல நிரூபிக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு அடி கட்டுவது அம்மா மாதிரி ஆட்கள் சொல்லும் சின்னச் சின்ன விபரம்தான்.

இரணைமடு ஐயா, கண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். நான் பார்த்த தாய்மார் யாரும் அழுவதற்காகச் சாட்சியம் சொல்லவில்லை. தாங்கள் போன பிறகும் இது எழுத்தில் இருக்கவேண்டும் என்றுதான் சொன்னார்கள். பிள்ளையைத் தேடித் தேடியே கண்ணை மூடின தாய்மார் எங்கள் பக்கம் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும்.

பிள்ளை, உங்களிடம் கேட்ட அந்த ஆளுக்கு மூலப் பிரதி ஒன்றும் கொடுக்காதீர்கள், ஃபோட்டோக் கொப்பி மட்டும். காசு கேட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள், இதற்கு ஒருவரும் காசு வாங்கக்கூடாது. எந்த அமைப்பு, எந்த நாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், அம்மாவின் பேர் வெளியே வருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். பேரை மறைத்துக் கொடுக்கவும் வழி இருக்கிறது. சீஐடி வீட்டுக்கு வந்து போகிற குடும்பம் என்றால் அதையும் முதலே சொல்லுங்கள். அண்ணாவின் பேர், பதிவு இலக்கம் எதையும் இங்கே பொதுவில் போடவேண்டாம், எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். அடுத்த கிழமை முல்லைத்தீவுப் பக்கம் வருகிறேன். அம்மா பேச விரும்பினால், எந்த நாள் வசதி என்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.