சின்ன வண்டியில ஏற்காடு ஏறினவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

அம்மாபேட்டை 800

"மாருதி 800ல ஏற்காடா? பாதி வழியில எறங்கித் தள்ளணும்"னு சொல்றதுக்கு சேலத்துல தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க. அதுல முக்கால்வாசிப் பேர் 800ல மலை ஏறினதே கிடையாது. அதனாலதான் ஏறினவங்க மட்டும் பேசுங்கன்னு இதை ஆரம்பிக்கறேன்.

எங்க வீட்டு வண்டி மாருதி 800, நாலு கியர். 796 சிசி, 37 குதிரைத்திறன், அவ்வளவுதான். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் செக்போஸ்ட் வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. அதுக்கு மேல 20 கொண்டை ஊசி வளைவு. சேலம் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர் சொச்சம். நடுவுல இருக்கற 1,200 மீட்டரையும் இந்தச் சின்ன இன்ஜின்தான் தூக்கியாகணும்.

முதல்ல ஆள் கணக்கைப் பாருங்க. வெறும் வண்டி 650 கிலோ. அஞ்சு பேர் உட்கார்ந்து, டிக்கியில பையும் வச்சா இன்னொரு 350, 400 கிலோ ஏறிடும். பெரிய வண்டிக்கு அந்தச் சுமை உறைக்காது. நமக்கு அது வண்டி எடையில பாதிக்கும் மேல. இதுல மேல போகப் போகக் காத்து வேற லேசாகுது. காத்தை அழுத்தி உள்ள தள்ளற டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஏற்காடு உயரத்துல ஏறக்குறைய 15 சதவீதம் சக்தி குறையும். 37ல 31, 32 மிஞ்சினா பெரிய விஷயம். கடைசி வளைவுகள்ல வண்டிக்கு மூச்சு வாங்குதுன்னா வண்டியில கோளாறுன்னு பயப்பட வேண்டாம், கணக்கே அப்படித்தான்.

என்னைக் கேட்டா மலையில பவர் ரெண்டாவதுதான். முன்னாடி போற பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவுல எவ்வளவு எடம் விட்டிருக்கோம்கறதுதான் முதல்ல. பஸ் வளைவுக்குள்ள போனா ரோடு முழுசையும் எடுத்துக்கும். மூக்கு எதிர்ப்பக்கச் சுவர் வரைக்கும் போயி, பின் டயர் உள்பக்க ஓரத்தை உரசற மாதிரி திரும்பும். கண்டக்டர் தகரத்துல டப் டப்னு தட்டிக்கிட்டே வருவார். எதிர்ல ஒரு வண்டி வந்துட்டா பஸ் அந்த எடத்துலயே நிக்கும். அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டுப் போனா நாமளும் வளைவோட நட்ட நடுவுல, இருக்கறதுலயே செங்குத்தான எடத்துல நிக்க வேண்டியதுதான். நான் ரெண்டு பஸ் நீளம் பின்னாடியே, சரிவு கம்மியா இருக்கற எடத்துல மெதுவாக்கிடுவேன். பஸ் முழுசாத் திரும்பின பிறகுதான் நமக்கு ரோடு.

இன்னொண்ணு, எல்லா வளைவும் ஒரே ஏத்தம் இல்ல. நாம இடது பக்கம் போறவங்க. வளைவு வலப்பக்கம் திரும்பினா நமக்கு வெளிவட்டம், சாவகாசமா ஏறலாம். இடப்பக்கம் திரும்பினா உள்வட்டம் நம்ம தலையில விழும், அங்கதான் செகண்ட் கியர்ல வண்டி திணறும். ஓடற வண்டியில ஃபர்ஸ்ட் கியர் சட்டுனு விழாதுன்னு 800 வச்சிருக்கறவங்களுக்குத் தெரியும். அதனால இடது வளைவுன்னா வாசல்லயே கிட்டத்தட்ட நிறுத்தி ஃபர்ஸ்ட் போட்டுட்டு உள்ள போங்க. பின்னாடி இருக்கறவன் ஹார்ன் அடிப்பான், அடிக்கட்டும்.

ஏசி பத்தி நான் சொல்லவே வேணாம். அடிவாரத்துல அணைச்சுட்டுக் கண்ணாடியை எறக்கினா மேல போகப் போக ஏசி எதுக்கு?

நானோ டீச்சர்

நான் ஓட்டறது நானோ. 624 சிசி, ரெண்டே சிலிண்டர். 2018லயே உற்பத்தியை நிறுத்திட்டாங்க, இருந்தாலும் என் வண்டி மலைக்குப் போகுது, வருது. ஸ்டாஃப் ரூம்ல கிண்டல் பண்றவங்களுக்குச் சொல்ற பதிலை இங்கயும் சொல்றேன். நானோவுக்கு இன்ஜினும் பின்னாடி, இழுக்கற சக்கரமும் பின்னாடி. ஏத்தத்துல எடை எல்லாம் பின்னாடி சாயும்போது இழுக்கற சக்கரம்தான் நல்லா அழுந்துது. 800, ஆல்ட்டோ எல்லாம் முன் சக்கர இழுவை. பின் சீட்ல மூணு பேர் உட்கார்ந்துட்டா முன்பக்கம் லேசாகி, மழை ஈரத்துல வளைவுல டயர் சர்ருனு சும்மா சுத்தறதைப் பார்த்திருக்கேன்.

நான் சொல்ல வந்தது ஒரு பஸ் டிரைவர் அண்ணாவைப் பத்தி. அன்னிக்கு லேசான தூறல். 60 அடி பாலம் தாண்டி ஒரு இடது வளைவுக்குக் கீழ நான் ஏறி வந்துக்கிட்டிருக்கேன், அவர் மேல இருந்து எறங்கறார். அவர் நினைச்சிருந்தா வந்திருக்கலாம், நான்தான் ஏத்தத்துல நின்னு தவிச்சிருப்பேன். அவர் வளைவுக்கு மேலயே பஸ்ஸை நிறுத்திட்டு, உள்ளங்கையை ஜன்னலுக்கு வெளிய நீட்டி விரலை மட்டும் மடக்கி மடக்கிக் கூப்பிட்டார், வா வான்னு. நான் அவரைக் கடக்கும்போது மேல இருந்தே, "ஃபர்ஸ்ட்லயே வாம்மா, மாத்தாத"ன்னார். பின்னாடி நாலஞ்சு கார்க்காரங்க அவருக்கு ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. அவர் திரும்பிக்கூடப் பார்க்கல.

நாகலூர் தோட்டக்காரர்

டீச்சரம்மா, அந்த டிரைவர் செஞ்சது நல்ல மனசு மட்டும் இல்லீங்க, சட்டமும் அதுதான். அகலம் பத்தாத மலை ரோட்டுல எறங்கற வண்டிதான் ஏறற வண்டிக்கு வழி விடணும். 2017ல வந்த ஓட்டுநர் விதிமுறையிலயும் இருக்கு, அதுக்கு முந்தின 1989 விதியிலயும் இருந்தது. காரணம் எளிசு. எறங்கற வண்டி நின்னாலும் திரும்பக் கிளம்பிடும். ஏறற வண்டி நின்னுட்டா மறுபடி எடுக்கறதுதான் பாடு. வார விடுமுறைக்கு வர்ற பெரிய வண்டிக்காரங்களுக்கு இது தெரியறதே இல்ல. லைட்டை அடிச்சுக்கிட்டே நேரா வந்து நிப்பாங்க.

என்கிட்ட இருக்கறது மாருதி ஆம்னி வேன். அதுலயும் அதே 796 சிசி இன்ஜின்தான், முன் சீட்டுக்கு அடியில. மிளகு மூட்டை, காப்பி மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போற ஆளுங்க, எல்லாம் இதுலதான். மேல இருக்கறவங்களுக்கு இந்த ரோடு டூர் இல்லீங்களே. எங்க சங்கடம் ரெண்டு சொல்றேன்.

முதலாவது குரங்கு. வளைவுல குரங்கு உட்கார்ந்திருந்தா முன்னாடி போற கார் பிரேக் அடிச்சு நிக்கும், ஜன்னல் வழியா பிஸ்கட் வெளிய வரும். பின்னாடி மூட்டையோட ஏறிக்கிட்டிருக்கற நானும் நின்னாகணும். குரங்குக்குத் தீனி போடக்கூடாதுன்னு வனத்துறை போர்டு வச்சிருக்கு, போர்டுக்குக் கீழயே நின்னு போடறாங்க.

ரெண்டாவது கல்லு. வண்டி ஏத்தத்துல நின்னுட்டா பின் சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுப்பாங்க, அது சரிதான். வண்டி கிளம்பினதும் அந்தக் கல்லை நடுரோட்டுலயே விட்டுட்டுப் போயிடறாங்களே! ராத்திரி பனிமூட்டத்துல பைக்ல வர்றவன் அதுல ஏறினா என்ன ஆகும்? தலையளவு கல்லை எத்தனையோ தடவை நான் எறங்கி ஓரம் தள்ளியிருக்கேன். முட்டுக் கொடுக்கறவரே எடுத்து ஓரமா வச்சுட்டு ஓடிவந்து ஏறிக்கட்டும், அதுக்குத்தான் வண்டியில ஆள் இருக்கு.

பனிமூட்டம்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன். ஹை பீம் போடாதீங்க, எதிர்ல வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம்ல போங்க.

ஸ்பேனர்

நான் 5 ரோடு பக்கம் ஷெட் வச்சிருக்கேன். மே மாசக் கோடை விழா நேரத்துல திங்கக்கிழமை காலையில வர்ற முதல் வண்டி பெரும்பாலும் கிளட்ச் கேஸ்தான். "அண்ணா, நேத்து மலையில டயர் எரியற வாடை வந்துச்சு"ம்பாங்க. எரிஞ்சது டயர் இல்ல, கிளட்ச் பிளேட். டிராஃபிக்ல ஏத்தத்துல நிக்கும்போது ஆக்ஸிலரேட்டரையும் ஹாஃப் கிளட்ச்சையும் வச்சே வண்டியைப் பிடிச்சு நிறுத்தியிருப்பாங்க. ஹேண்ட் பிரேக் எதுக்குக் கொடுத்திருக்கான்?

நின்னதும் ஹேண்ட் பிரேக்கை இழுங்க. கிளம்பறப்ப ஃபர்ஸ்ட் போட்டுக் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, கிளட்சை மெல்ல விடுங்க. இன்ஜின் சத்தம் ஒரு மாதிரி கனத்து எறங்கும், பானெட் லேசா எழும்பும். அந்த நிமிஷம் ஹேண்ட் பிரேக்கை எறக்கினா வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னாடி போகாது. இதைக் கத்துக்க ஏற்காடு போக வேண்டாம், ஏதாவது ஒரு மேம்பாலத்து ஏத்தத்துல காலி நேரத்துல பழகிக்கலாம். ஆனா முதல்ல உங்க ஹேண்ட் பிரேக் பிடிக்குதான்னு பாருங்க. ஷெட்டுக்கு வர்ற பழைய வண்டியில பாதிக்கு லிவர் காதுவரை வருது, சக்கரம் சுத்துது.

சூரமங்கலத்தான்

ஏறறதைப் பத்தியே பேசறீங்க. எறங்கறப்ப நான் நியூட்ரல்ல விட்டுடுவேன், ஏரியில இருந்து அடிவாரம் வரைக்கும் சொட்டு பெட்ரோல் செலவில்ல. சின்ன வண்டியோட லாபமே அதுதானே தலைவா?

ஸ்பேனர்

தம்பி, கோவிச்சுக்காத. கார்புரேட்டர் காலத்துப் பேச்சு இது. இன்ஜெக்டர் வண்டியில கியர்லயே வச்சு, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு எறங்கினா கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல்ல விட்டாதான் இன்ஜின் அணையாம இருக்க அதுக்குப் பெட்ரோல் ஊத்தணும். ஆக நீ மிச்சம் பண்ணல, செலவு பண்ணிட்டிருக்க.

அது போகட்டும், பிரேக்கைப் பாரு. 1,200 மீட்டர் ஏத்தி வச்ச வண்டியை வெறும் பிரேக்குல எறக்கினா அவ்வளவு சூடும் பேட்லயும் டிரம்லயும்தான் போய்ச் சேரும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கற சரக்கு. டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிட்டா 140லயே கொதிக்க ஆரம்பிச்சிடும். கொதிச்சா குழாய்ல ஆவி, பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. சாவியையும் அணைச்சுட்டு வர்ற புண்ணியவான்களும் இருக்காங்க. அப்ப பிரேக்கை லேசா மிதிச்சாலே பிடிக்க வைக்கற பூஸ்டர் ரெண்டு மிதியோட காலி, சாவியை உருவிட்டா ஸ்டியரிங்கும் லாக் ஆகும்.

ஏறும்போது எந்த கியரோ எறங்கும்போதும் அதே கியர். வேகம் கூடினா ஒரே அழுத்தா பிரேக் அழுத்தி வேகத்தைக் குறைச்சிட்டு விட்டுடு, காலை வச்சே தேய்ச்சுக்கிட்டு வராத. டீச்சரம்மா, உங்க நானோவுல நாலு சக்கரமும் டிரம், சூடு சீக்கிரம் வெளிய போகாது. உங்களுக்கு இது ரெண்டு மடங்கு முக்கியம்.

நானோ டீச்சர்

செகண்ட்லதான் எறங்கறேன் அண்ணா. கடைசி வளைவு தாண்டற வரைக்கும் தேர்ட் போடறதில்ல.

சூரமங்கலத்தான்

சரிண்ணா. ஆயில் மாத்த வண்டியை எடுத்துட்டு வர்றேன்.

சிஎன்ஜி கணேசபுரம்

சிஎன்ஜி வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. கேஸ்ல ஓடும்போது இழுவை கம்மி, டிக்கியில சிலிண்டர் எடை வேற. அடிவாரத்துலயே பெட்ரோலுக்கு மாத்திடுங்க, வித்தியாசம் முதல் வளைவுலயே தெரியும். எறங்கினதும் திரும்ப கேஸ்.

நாமக்கல் ஆல்ட்டோ

எல்லாருக்கும் வணக்கங்க. எங்களுது ஆல்ட்டோ கே10, ஆட்டோ கியர். அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு அடுத்த வாரம் போலாம்னு இருக்கோம். கிளட்ச் பெடலே இல்லாத வண்டியில இதெல்லாம் எப்படிங்க? அடிவாரம் வழியா, குப்பனூர் வழியா?

ஸ்பேனர்

பெடல்தான் இல்ல, கிளட்ச் உள்ள இருக்கு, எரியறதும் அதேதான். ஏத்தத்துல ஆக்ஸிலரேட்டர் வச்சு வண்டியை நிறுத்திப் பிடிக்காதீங்க, பிரேக்கை மிதிச்சு நில்லுங்க, நேரமானா ஹேண்ட் பிரேக். வளைவுக்கு முன்னாடி லிவரை எம்-க்கு, அதாவது நாமளே கியர் மாத்தற நிலைக்கு மாத்தி ஃபர்ஸ்ட் இல்ல செகண்ட்ல வச்சுக்கோங்க. டி-யிலயே விட்டா வளைவு நடுவுல அதுவா யோசிச்சு கியர் மாத்தும், அந்த நொடி இழுவை விட்டுப்போகும். எறங்கறப்பவும் எம்-லதான். டெம்பரேச்சர் விளக்கு சிவப்பா எரிஞ்சா ஓரங்கட்டி நில்லுங்க, ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோட திறந்துடாதீங்க.

நாகலூர் தோட்டக்காரர்

குப்பனூர் பாதையில கொண்டை ஊசி வளைவு கம்மி, கூட்டமும் கம்மி. அயோத்தியாப்பட்டணம் பக்கம் இருந்து வர்றவங்களுக்கு அது தோது. நீங்க நாமக்கல்ல இருந்து வர்றதால அடிவாரமே நேர் வழி. கோடை விழா சமயத்துல ஒரு பக்கம் ஏறவும் மறு பக்கம் எறங்கவும் ஒருவழியா மாத்தறது உண்டு, செக்போஸ்ட்ல சொல்ற வழியில போங்க. பெருமழைன்னா வரவே வேண்டாம். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

விடியக்காலையில கிளம்பி ஏழு மணிக்கு முன்ன அடிவாரத்தைத் தாண்டிட்டா பாதி ரோடு உங்களுக்குத்தான். அம்மாவுக்கு வாந்தி வர்ற உடம்புன்னா முன் சீட்ல உட்கார வைங்க, கையில ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்க. டிபனை மேல வந்து பார்த்துக்கலாம்.